டைனமோவைத் தேற்றுவதா, ஆல்டர்நேட்டர் மாட்டுவதா? நீலகிரியில் ஓடும் பழைய கார்களுக்கு ஓர் ஆம்ப் கணக்கு

“சார், டைனமோ முடிஞ்சுது. ஆல்டர்நேட்டர் போட்டுரலாம்.” பேட்டரி இறங்கிப்போன அம்பாசடரையோ ஹெரால்டையோ தள்ளிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது இதுதான். இரண்டுமே இன்ஜின் பெல்ட்டால் சுற்றி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுபவை; டைனமோ பழைய வகை, ஆல்டர்நேட்டர் அதற்குப் பின் வந்தது. பல கார்களுக்கு அந்த மாற்றம் சரியான யோசனையும்கூட. ஆனால் சார்ஜ் ஏறாததற்குக் காரணம் என்ன என்று பார்க்காமல் மாட்டினால், புது ஆல்டர்நேட்டரும் பச்சை பூத்த அதே பழைய எர்த் கேபிளில், அதாவது பேட்டரியைக் காரின் உடம்போடு இணைக்கும் கேபிளில்தான் வந்து நிற்கும். இரண்டு மாதத்தில் பேட்டரி மறுபடி இறங்கும்.

மலையில் இந்த முடிவைத் தீர்மானிப்பது காரின் வயதோ ஊரின் உயரமோ இல்லை. கார் எவ்வளவு நேரம் ஐட்லில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் மெல்ல ஓடும் நிலையில்) நிற்கிறது, விளக்குக்கும் வைப்பருக்கும் எத்தனை ஆம்ப் போகிறது, அடுத்து எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்ற மூன்றும்தான். உயரத்தில் டைனமோ சார்ஜ் குறையும் என்று சிலர் சொல்வார்கள். காற்றின் அடர்த்திக்கும் டைனமோவின் வோல்ட்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. மறைமுகமாக ஒன்று உண்டு: கோவையில் டியூன் செய்த கார்புரேட்டர் 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டிக்கு வந்தால் காற்று குறைந்து பெட்ரோல் கூடிய கலவையாகிவிடும், ஐட்ல் தானாக இறங்கும். டைனமோவுக்கு அந்த நூறு, நூற்றைம்பது ஆர்.பி.எம். பெரிய நஷ்டம்.

முடிவெடுக்கும் முன் அரை மணி நேரம்

ஒரு மல்டிமீட்டர், பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஒரு ஹைட்ரோமீட்டர், அரை மீட்டர் ஒயர் போதும்.

பேட்டரியில் தொடங்குங்கள். இரவு முழுக்கச் சும்மா நின்ற கார் காலையில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைவு, 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. ஆசிட் அடர்த்தி 1.280 இருந்தால் முழுச் சார்ஜ், 1.190 பாதி. ஆறு செல்லில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 கீழே நின்றால் அந்த செல் போய்விட்டது. அதற்கப்புறம் டைனமோவைத் தொடவே வேண்டாம், பேட்டரியை மாற்றுங்கள். அடுத்தது பெல்ட். நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கலாம். ஓரம் தேய்ந்து பளபளத்துக் கிடக்கும் பெல்ட்டை இழுத்துக் கட்டிப் பயனில்லை. மழைக் காலையில் வழுக்கத்தான் செய்யும்.

இனி இன்ஜினை ஸ்டார்ட் செய்து 1,500 முதல் 2,000 ஆர்.பி.எம்.மில் வைத்து, பேட்டரியின் இரு முனையிலும் அளவெடுங்கள். 13.8 முதல் 14.8 வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. 12.4-லேயே நின்றால் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ஓவர்சார்ஜ். பேட்டரி மேல்மூடி ஈரமாக இருக்கும், டிஸ்டில்டு வாட்டர் மாதாமாதம் குறையும்.

சிவப்பு சார்ஜிங் லைட் சொல்வதையும் கவனியுங்கள். ஐட்லில் மினுங்கி, ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் அணைந்தால் பழுதே இல்லை. டைனமோ கார் அப்படித்தான். ஓட்டத்திலும் மங்கலாக எரிந்தால் கட்-அவுட் (டைனமோவைப் பேட்டரியோடு இணைத்துத் துண்டிக்கும் தானியங்கி சுவிட்ச்) காண்டாக்ட் கருத்திருக்கிறது, அல்லது அந்த வழியில் ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. வேகம் கூடக்கூடப் பிரகாசமானால் டைனமோ வேலை செய்கிறது, கட்-அவுட் பிடிக்கவில்லை. சாவி போட்டும் லைட் எரியாவிட்டால் பல்பு போயிருக்கலாம். கட்-அவுட் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டும் இருக்கலாம். பின்னது என்றால் இன்ஜின் நின்ற பிறகும் பேட்டரி டைனமோவுக்குள் கரன்ட்டைக் கொட்டிக்கொண்டிருக்கும். ஆம்பியர் மீட்டர் முள் டிஸ்சார்ஜ் பக்கம் முழுக்கச் சாய்ந்திருந்தால் யோசிக்காமல் பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள்.

கடைசியாக டைனமோவின் நேரடிச் சோதனை. இது அம்பாசடர், ஹெரால்டு, மோரிஸ் போன்ற கார்களில் வரும் லூகாஸ் (பிரிட்டிஷ் நிறுவனம்) வகை டைனமோவுக்கு. ஃபியட்டில் எழுத்துகளுக்குப் பதில் 51, 67 என்ற எண்கள் இருக்கும். ஜீப்பில் அமெரிக்க வகை டைனமோ இருந்தால் ஃபீல்டை எர்த்தோடு சேர்த்துச் சோதிக்க வேண்டும், முறையே வேறு. லூகாஸில் பெரிய டெர்மினல் ‘டி’, சிறியது ‘எஃப்’. இரண்டிலும் உள்ள ஒயர்களைக் கழற்றிவிட்டு, டெர்மினல் இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். மீட்டரின் ஒரு முனை அந்த இணைப்பில், மறுமுனை டைனமோ உடம்பில். இன்ஜினை ஐட்லிலிருந்து மெல்ல ஏற்றுங்கள்; வோல்ட் தடுமாறாமல் சரசரவென ஏறினால் டைனமோ நலம். 20 வோல்ட்டைத் தாண்ட விடாதீர்கள். ஒன்றுமே வராவிட்டால் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். ஈரத்தில் பிரஷ் தன் கூட்டுக்குள்ளேயே இறுகிப்போவது மலையில் சகஜம். அரை முதல் ஒரு வோல்ட் மட்டும் வந்தால் ஃபீல்டு காயில் (காந்தப்புலம் உண்டாக்கும், சுற்றாத சுருள்) பழுது. நான்கைந்து வோல்ட்டில் நின்றுவிட்டால் ஆர்மேச்சர் (நடுவில் சுற்றும் சுருள்) பழுது.

டைனமோ நலம் என்று வந்தால் ஒயர்களைத் திரும்ப மாட்டி, இதே சோதனையைக் கட்-அவுட் பெட்டியின் பக்கத்திலிருந்து செய்யுங்கள். அங்கே வோல்ட் வராவிட்டால் நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது. வந்தால் பழுது பெட்டியில், அல்லது எர்த்தில்.

எர்த்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நீலகிரியில் கார் பெரும்பாலும் தகர ஷெட்டில், தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்கு மழை. அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு மழை. இடைப்பட்ட நாட்களில் மூடுபனி. தார்ப்பாய்க்குள் தேங்கும் ஈரம் முதலில் தின்பது இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையையும், கட்-அவுட் பெட்டியின் ‘ஈ’ (எர்த்) டெர்மினலையும்தான். ஹெட்லைட்டைப் போட்டு, இன்ஜினை 2,000-இல் வைத்து, டைனமோ உடம்புக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் பட்டையைக் கழற்றி, இரு முனையையும் இரும்பு மின்னும்வரை சுரண்டி, வாசலின் தடவிக் கட்டுங்கள். ‘ஈ’ முழுக்க விட்டுப்போனால் கட்-அவுட் பிடிக்காது, பேட்டரிக்கு எதுவும் போகாது. அரைகுறையாக விட்டால், அதே பெட்டியில் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வோல்ட்டைக் குறைவாக உணர்ந்து ஓவர்சார்ஜ் செய்யும். ஒரே துருவுக்கு இரண்டு எதிரெதிர் நோய்க்குறிகள். “டைனமோ முடிஞ்சுது” என்று தீர்ப்பாகும் கார்களில் கணிசமானவை இந்த இடத்திலேயே பிழைத்துவிடும்.

மலைக்கான கணக்கு

லூகாஸ் சி39 டைனமோவின் உச்சம் 19 ஆம்ப், சி40-1 வகையின் உச்சம் 22. அந்த 22-ம் டைனமோ 2,250 ஆர்.பி.எம். சுற்றும்போதுதான். சி40-1 சுமார் 1,450-இல்தான் சார்ஜ் செய்யவே தொடங்கும். டைனமோ இன்ஜினைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சுற்றுகிறது. ஆக 650 ஐட்லில் உற்பத்தி பூஜ்யம். இன்ஜின் 900-ஐத் தாண்ட வேண்டும். முழு 22 ஆம்புக்கு 1,500 வேண்டும்.

இனி செலவு. இரவில், மூடுபனியில், பர்லியார் தாண்டி ஏறும் கார்: இக்னிஷன் காயில் 3 ஆம்ப், 40 வாட் டிம் ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 6.7, பார்க்கிங் லைட், டெயில் லைட், நம்பர் பிளேட் லைட் எல்லாம் 2, வைப்பர் 3. மொத்தம் 15. பிரேக்கை மிதித்தால் இன்னொரு 3.5. இரண்டாம் கியரில் ஏறும்போது இன்ஜின் 2,000-ஐ ஒட்டிச் சுற்றுவதால் டைனமோ இதைத் தாங்கும், 7 ஆம்ப் மிச்சமும் இருக்கும். இறங்கும்போதும் ஏறிய கியரிலேயே இறங்குபவருக்குச் சார்ஜ் குறையாது. நியூட்ரலில் உருட்டுபவருக்குச் சார்ஜைவிடப் பெரிய கவலைகள் இருக்கின்றன.

சிக்கல் நிற்கும் இடத்தில். மே மாத சீசனில் மலர்க் கண்காட்சிக்கு வந்த கூட்டம் இரவில் இறங்கும் நேரம், குன்னூரிலோ ஊட்டி சேரிங்கிராஸிலோ ஒரு மணி நேரம் ஊர்ந்தால் 15 ஆம்ப்-ஹவர் பேட்டரியிலிருந்தே போகிறது. 45 ஆம்ப்-ஹவர் பேட்டரியில் அது மூன்றில் ஒரு பங்கு. மிச்சப்படும் 7 ஆம்ப்பில் அதைத் திரும்ப நிரப்ப விளக்கோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். குன்னூரிலிருந்து ஊட்டி இருபது கிலோமீட்டர்கூட இல்லை. சமவெளியில் சேலம் வரை ஓடி நிரப்பிக்கொள்ளும் அதே டைனமோ, மலையில் நிரப்ப நேரம் கிடைக்காமலேயே வீடு வந்து சேர்கிறது. அடுத்த காலை தலைக்குந்தாவில் புல் வெளுத்துக் கிடக்கும் உறைபனி என்றால், பூஜ்யம் டிகிரியில் பேட்டரியின் கிராங்கிங் திறன் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கியிருக்கும். செல்ஃப் ஒரு முறை முனகிவிட்டு நிற்கும்.

இதில் 55 வாட் ஃபாக் லைட் ஒரு ஜோடி சேர்த்தால் 9 ஆம்ப் கூடும், கணக்கு 24-க்குப் போகும். 100/90 (பிரைட்டில் 100, டிம்மில் 90 வாட்) ஹாலஜன் பல்பு போட்டிருந்தால் டிம்மில் மட்டுமே 15. அப்போது ஐட்ல் என்ன, நெடுஞ்சாலையிலேயே 22 ஆம்ப் டைனமோ தோற்கும். ரெகுலேட்டர் காண்டாக்ட் கருகுவதும் ஆர்மேச்சரின் ஈயம் தெறிப்பதும் இப்படித்தான் தொடங்குகின்றன.

உங்கள் கார் இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது என்று தாளில் எழுதிப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

டைனமோவைத் தேற்றுவது

பெரும்பாலான பழுதுகள் மலிவானவை. பிரஷ் தேய்ந்து 7 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் புது ஜோடி. பின்பக்கத்து வெண்கல புஷ் ஆடினால் ஆர்மேச்சர் ஃபீல்டு இரும்பில் உரசும். பளபளப்பான உரசல் தடம் தெரிந்தால் புஷ்ஷை உடனே மாற்ற வேண்டும். புது புஷ்ஷை ஒரு நாள் முழுக்க மெல்லிய இன்ஜின் ஆயிலில் ஊறவைத்துத்தான் அடிக்க வேண்டும். காய்ந்த புஷ்ஷை அப்படியே அடித்துவிடும் கடைகள் உண்டு, கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு பின்மூடியின் ஆயில் துளையில் எப்போதாவது சில சொட்டு. கொஞ்சம் தாராளமாக விட்டாலும் ஆயில் கம்யூட்டேட்டருக்கு (பிரஷ் உரசும் செப்புப் பட்டை உருளை) வழிந்து பிரஷ்ஷைக் கெடுக்கும்.

கம்யூட்டேட்டர் கருத்திருந்தால் நைஸ் கண்ணாடித் தாள். எமரி பேப்பர் கூடாது. அதன் துகள் செப்புப் பட்டைகளின் இடுக்கில் தங்கி ஷார்ட் ஆக்கும். குழி விழுந்திருந்தால் லேத்தில் ஏற்றி மெல்லியதாகச் சீவி, பட்டைகளுக்கு இடையே உள்ள மைக்காவை 0.8 மி.மீ. ஆழத்துக்கு வெட்டி இறக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலையை விட்டுவிட்டால் செப்பு தேயத் தேய மைக்கா மேலே நிற்கும், பிரஷ் குதிக்கும், சில மாதத்தில் மறுபடி கருகும். ‘லேத்தில் போட்டும் நிற்கவில்லை’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஃபீல்டு காயிலை ‘எஃப்’ டெர்மினலுக்கும் உடம்புக்கும் இடையே அளந்தால் சி40-இல் 6 ஓம் வர வேண்டும். 3, 4 என்று குறைந்தால் சுருள் உள்ளே ஷார்ட். கூடுதல் கரன்ட் ரெகுலேட்டர் காண்டாக்ட்டை எரிக்கும். அதனால்தான் ஒரே காரில் கட்-அவுட் பெட்டி திரும்பத் திரும்பப் போகிறது. புதுப் பெட்டி வாங்குமுன் இந்த ஓர் அளவை எடுத்துவிடுங்கள்.

ஆர்மேச்சர் போயிருந்தால் ரீவைண்டிங், அதாவது சுருளைப் புதிதாகச் சுற்றுவது. மலையில் அதைச் செய்ய ஆள் குறைவு, பெரும்பாலும் கோவைக்கு இறக்கி அனுப்ப வேண்டும். சுற்றிய பிறகு வார்னிஷில் முக்கி, சூட்டடுப்பில் வைத்து உலர்த்தினார்களா என்று கேளுங்கள். தூரிகையால் மேலே பூசி வெயிலில் காயவைத்த ஆர்மேச்சர் சமவெளியில் பல வருஷம் ஓடலாம். மூடுபனி ஊரில் ஓடாது. சென்னை புதுப்பேட்டையில் பழைய டைனமோ கிடைத்தாலும் அதையும் பிரித்து இதே வரிசையில் பார்த்துத்தான் மாட்ட வேண்டும்.

திரும்ப மாட்டியதும் துருவம் ஏற்ற வேண்டும். ‘எஃப்’ ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஓர் ஒயரால் ‘எஃப்’ டெர்மினலை இரண்டு மூன்று முறை சட்டென்று தொட்டு எடுங்கள். இதை மறந்தால் நன்றாக இருக்கும் டைனமோகூடத் தலைகீழாகச் சார்ஜ் செய்யும், அல்லது சுத்தமாகச் சார்ஜே செய்யாது.

இந்த வழியின் பெருமை, கார் தன் பழைய உருவத்திலேயே இருப்பது. வழியில் நின்றாலும் திருப்புளியும் கண்ணாடித் தாளும் வைத்துச் சமாளிக்கலாம். குறை ஒன்றுதான், ஆனால் பெரியது: எவ்வளவு தேற்றினாலும் ஐட்லில் பூஜ்யம்தான், உச்சம் 22-தான். பார்க்கிங், டெயில் லைட்டை எல்.இ.டி.யாக்கி ஒன்றரை ஆம்ப் சேமிக்கலாம். ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டால் பழைய சுவிட்சிலும் ஒயரிலும் விழும் வோல்ட் மிச்சமாகி, அதே 45/40 பல்பு கண்ணுக்குத் தெரியும் அளவு பிரகாசமாகும். 100/90-க்குப் போக வேண்டிய தேவை பலருக்கு அங்கேயே தீர்ந்துவிடும். வீட்டில் 3, 4 ஆம்ப் சார்ஜர் ஒன்று இருந்து வாரம் ஓர் இரவு போட்டால் ஞாயிற்றுக்கிழமை காருக்கு வேறெதுவும் வேண்டாம்.

கட்-அவுட் பெட்டி: பழசா, எலெக்ட்ரானிக்கா

டைனமோ நலம், பெட்டிதான் பழுது என்றால் இந்தக் கேள்வி. லூகாஸ் ஆர்பி106 பெட்டிக்குள் இரண்டு காயில்: ஒன்று ரெகுலேட்டர், மற்றது கட்-அவுட். இரண்டின் காண்டாக்ட்டும் ஒரே உலோகமில்லை. ரெகுலேட்டர் காண்டாக்ட் டங்ஸ்டன், அதற்கு நைஸ் கார்போரண்டம் கல். கட்-அவுட் காண்டாக்ட் மெத்தென்ற வெள்ளி, அதற்குக் கண்ணாடித் தாள் மட்டும். துடைத்து முடித்ததும் ஸ்பிரிட்.

செட்டிங் செய்ய, ‘ஏ’, ‘ஏ1’ ஒயர்களைப் பெட்டியிலிருந்து கழற்றி ஒன்றோடொன்று இணைத்து, ‘டி’க்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்து, இன்ஜினை மெல்ல ஏற்றுங்கள். முள் துடித்து நிலைக்கும் இடம் 20 டிகிரியில், பெட்டியின் வகையைப் பொறுத்து, சுமார் 15.6 முதல் 16.6 வோல்ட் வரை. உங்கள் காரின் மேனுவலில் உள்ள எண்ணையே பின்பற்றுங்கள். இது பேட்டரி இணைக்காத அளவு, பேட்டரியோடு 14-ஐ ஒட்டி வந்துவிடும். இந்த வித்தியாசம் தெரியாமல் 14.2-க்குத் திருகி வைத்துவிட்டு, ஏன் சார்ஜே ஏறவில்லை என்று தேடுபவர்கள் உண்டு. வேலையை அரை நிமிடத்துக்குள் முடியுங்கள்; காயில் சூடேறினால் அளவு பொய் சொல்லும். கட்-அவுட் 12.7 முதல் 13.3-க்குள் பிடிக்க வேண்டும்.

எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரைப் பழைய பெட்டியின் மூடிக்குள்ளேயே ஒளித்து வைக்கலாம். காண்டாக்ட் இல்லை, ஈரத்துக்குப் பயமில்லை. வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். கரன்ட் லிமிட் இருக்கிறதா? இல்லாத போர்டு, இறங்கிக் கிடக்கும் பேட்டரியைப் பார்த்ததும் டைனமோவிடம் 30 ஆம்ப் கேட்டு ஆர்மேச்சரை எரிக்கும். எத்தனை வோல்ட்டில் நிலைக்கிறது? பேட்டரி குளிரக் குளிர அதிக வோல்ட் கேட்கும். 25 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறங்கினால் 12 வோல்ட் பேட்டரிக்கு அரை வோல்ட் அளவு கூட வேண்டும். லூகாஸ் பழைய பெட்டியில் அதற்கான ஈடு உள்ளேயே உண்டு. 13.8-இல் பூட்டிய மலிவு போர்டு ஊட்டி டிசம்பரில் பேட்டரியை எப்போதும் அரைப்பட்டினியில் வைத்திருக்கும்.

நன்றாக நடக்கும் டைனமோவுக்கு எலெக்ட்ரானிக் பெட்டி நல்ல துணை. ஆம்ப் பற்றாக்குறைக்கு அது மருந்தாகாது.

ஆல்டர்நேட்டர்

இன்ஜினைப்போல இரு மடங்கு சுற்றும்படி சிறிய புல்லி போட்டால் 700 ஐட்லிலேயே 10 ஆம்புக்குக் குறையாமல் தரும், ஓட்டத்தில் 36, 45. லூகாஸ் 17ஏசிஆர் 36 ஆம்ப் வகை. இங்கே அதிகம் மாட்டப்படுவது மாருதி 800, ஆம்னியின் சிறிய ஆல்டர்நேட்டர்; எந்த ஊரிலும் பிரஷ்ஷும் பேரிங்கும் கிடைக்கும். இரவில் ஓடும், ஃபாக் லைட் உள்ள, சீசன் நெரிசலில் நிற்கும் காருக்கு இதுவே சரியான விடை. தேயிலைத் தோட்டத்து ஜீப்புக்கு யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் மாட்டும் விதத்தில் கெடுவதுதான் அதிகம். முதலில் காரின் எர்த்தைப் பாருங்கள். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பல பாசிட்டிவ் எர்த். ஆல்டர்நேட்டருக்கு நெகட்டிவ் எர்த் வேண்டும். அதனால் பேட்டரியைத் திருப்பி, இக்னிஷன் காயிலின் இரு ஒயர்களையும் ஆம்பியர் மீட்டர் ஒயர்களையும் இடம் மாற்றி, பழைய ரேடியோ இருந்தால் கழற்றிவிட வேண்டும். பார்க்காமல் இணைத்தால் ஆல்டர்நேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் (கரன்ட்டை ஒரே திசையில் விடும் பாகங்கள்) அந்த நொடியே போகும்.

அடுத்து ஒயரிங். கட்-அவுட் பெட்டியில் ‘டி’யில் இருந்த சார்ஜிங் லைட் ஒயரை, ‘எஃப்’ ஒயரோடு சேருங்கள். இன்ஜின் பக்கத்தில் அந்தப் பழைய ‘எஃப்’ ஒயரே ஆல்டர்நேட்டரின் லேம்ப் டெர்மினலுக்குப் போகும். மாருதி வகையில் ‘ஐஜி’ என்று இன்னொரு முனை இருந்தால் அது சாவி போட்டதும் கரன்ட் வரும் லைனுக்கு. ‘ஏ’, ‘ஏ1’ ஒயர்களை ஒன்றாக இணையுங்கள். பழைய ‘டி’ ஒயர் 22 ஆம்ப்புக்காகப் போட்டது, அதுவும் ஐம்பது வருஷப் பழசு. அதில் 45-ஐ ஓட்டாமல், ஆல்டர்நேட்டரின் ‘பி’ முனையிலிருந்து ஸ்டார்ட்டர் சாலினாய்டின் பேட்டரி முனைக்கு 6 சதுர மி.மீ. கேபிள் புதிதாக இழுத்து, பேட்டரிக்கு அருகில் 60 ஆம்ப் ஃபியூஸ் போடுங்கள். டேஷ்போர்டில் 30-0-30 ஆம்பியர் மீட்டர் இருந்தால் அதன் வழியே இனிச் சார்ஜ் கரன்ட் போகக் கூடாது. வோல்ட் மீட்டர் வைப்பது நல்லது. பழைய காரில் டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பிடிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

சார்ஜிங் லைட் பல்பு இனி அலங்காரம் இல்லை. அதன் வழியே போகும் சிறு கரன்ட்தான் ஆல்டர்நேட்டரை எழுப்புகிறது. 2.2 வாட் பல்பு வேண்டும். பல்பு போனால் சார்ஜும் போகும். டைனமோவில் அப்படி இல்லை. எல்.இ.டி. போட விரும்பினால் அதற்கு இணையாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர்.

பிராக்கெட்டில்தான் மலை தன் வேலையைக் காட்டும். டைனமோ நீளம், ஆல்டர்நேட்டர் குட்டை. இடைவெளியை வாஷர் அடுக்கி நிரப்புவார்கள். அந்த வாஷர்கள் தளர்ந்து, ஆல்டர்நேட்டர் காது உடைந்து, பெல்ட் கழன்றால் வாட்டர் பம்பும் நிற்கும். மேட்டுப்பாளையம்–குன்னூர் ஏற்றத்தின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே அது நடந்தால் சார்ஜை மறந்துவிடலாம், இன்ஜினே கொதித்துப்போகும். 6 மி.மீ. இரும்புத் தகட்டில் பிராக்கெட்டும், லேத்தில் கடைந்த ஒரே துண்டு ஸ்பேசரும் வேண்டும். மூன்று புல்லிகளின் மேலும் நேர்க்கோல் வைத்துப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகல் இருக்கக் கூடாது. பழைய புல்லி அரை அங்குல பெல்ட்டுக்கு, மாருதி புல்லி அதைவிடக் குறுகலுக்கு. புல்லியையும் லேத்தில் பொருத்திக்கொள்ளாமல் பெல்ட்டை மட்டும் மாற்றினால் பெல்ட் குழிக்குள் இறங்கி வழுக்கும்.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி ‘சார்ஜ் வருதா’ என்று பார்ப்பது டைனமோ காலத்து மெக்கானிக்குகளின் கைவழக்கம். ஆல்டர்நேட்டரில் அது டயோடுக்கும் ரெகுலேட்டருக்கும் சாவு மணி.

அசல் உருவம் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த விண்டேஜ் பிரிவு, 50 வருஷம் தாண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வாகனங்களைப் பற்றிப் பேசுகிறது. போல்ட்டில் மாட்டிக் கழற்றக்கூடிய ஆல்டர்நேட்டர் அவை மூன்றிலும் சேராது. கண்காட்சி நடுவர்களின் கண் வேறு, அவர்கள் பானெட்டைத் திறந்ததும் பார்த்துவிடுவார்கள்.

டைனமோ உடையில் ஆல்டர்நேட்டர்

வெளியில் லூகாஸ் டைனமோ உருவம், உள்ளே ஆல்டர்நேட்டர். பிராக்கெட் வேலை இல்லை, பழைய போல்ட்டிலேயே உட்காரும், பாசிட்டிவ் எர்த் வகையும் கிடைக்கும். பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டும். இங்குள்ள மற்ற எல்லா வழிகளையும்விடச் செலவு அதிகம். பழுதானால் கூடலூரிலோ கோத்தகிரியிலோ பாகம் கிடைக்காது. பரிசுக்கு நிறுத்தும் காரை இரவிலும் ஓட்ட விரும்பும், பணமும் பொறுமையும் உள்ள சிலருக்கு மட்டும்.

எந்தக் காருக்கு எது

பகலில் மட்டும், மாதம் சில முறை எடுக்கும் கார்: டைனமோவைத் தேற்றுங்கள், பழைய பெட்டியைச் செட் செய்யுங்கள், சார்ஜர் ஒன்று வாங்குங்கள். இதே காரின் பெட்டி எரிந்துபோயிருந்து, ஃபீல்டு 6 ஓம் காட்டினால் எலெக்ட்ரானிக் பெட்டி. வாரத்தில் பல நாள் ஓடினாலும் 45/40 பல்பு, ஃபாக் லைட் இல்லை, இரவு ஓட்டம் அரிது என்றால் டைனமோ போதும், ரிலேயும் எல்.இ.டி. டெயில் லைட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவில் மலை ஏறி இறங்கும் கார், ஃபாக் லைட் கட்டிய கார், சீசனில் வாடகைக்கோ வேலைக்கோ ஓடும் வண்டி: ஆல்டர்நேட்டர். ஆர்மேச்சரும் ஃபீல்டும் இரண்டும் போய், ரீவைண்டிங் கூலி மாருதி ஆல்டர்நேட்டர் விலையைத் தொடுகிறது என்றால், பகல் காருக்கும் ஆல்டர்நேட்டர் தவறில்லை. கழற்றிய டைனமோவையும் பெட்டியையும் பிராக்கெட் போல்ட்டோடு எண்ணெய் தடவிப் பெட்டியில் வையுங்கள், பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். காரை விற்கும் நாளில் அதற்கு விலை உண்டு.

எதைச் செய்தாலும் முதல் ஏற்ற இறக்கம் முடிந்ததும் இன்ஜின் ஆறிய பிறகு பெல்ட் இறுக்கம், பிராக்கெட் போல்ட், எர்த் பட்டை மூன்றையும் ஸ்பானர் வைத்துப் பாருங்கள். புது பெல்ட் முதல் நூறு கிலோமீட்டருக்குள் தளரும்.